காக்கையை விரட்டிவிட்டு ஒலிப்பதிவு



"தாத்தா பேசியதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன், ஒரே இரைச்சல். எந்த மைக் வாங்கலாம் சார்?" என்று சிலர் கேட்கிறீர்கள். வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு படிப்போம்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலை கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. கூம்புக் குழாய்க்கு மிக அருகில் நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். தள்ளி நின்றால் குரல் விழாது.

1925 வாக்கில் மின்சார மைக் வந்தது. மெல்லிய குரலும் பதிந்தது. கூடவே வேண்டாத சத்தமும் பதிந்தது. 1934-இல் சென்னையில் ஏ. நாராயணன் ஸ்ரீனிவாசா சினிடோன் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. நம் நாட்டின் முதல் பெண் ஒலிப்பதிவாளராக அறியப்படுபவர். அக்காலப் படப்பிடிப்பு வெயில் வெளிச்சத்தில்தான். வசனத்தோடு காக்கை கரைவதும் பதிவாகிவிடும். காக்கை விரட்டவே ஆள் வைத்திருந்ததாகத் திரை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2000-இல் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வெளியானது. யாரும் பேசாத சில நொடிகளை மாதிரியாகக் காட்டினால், மின்விசிறி போன்ற சீரான இரைச்சலை அது குறைக்கும். ஆனால் குக்கர் விசிலும், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதற்கு அடங்காது. அளவுக்கு மீறிக் குறைத்தால் குரலே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஆகவே, முதலில் காக்கையை விரட்டுங்கள். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையே நல்லது. புடவை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்தால் எதிரொலி இன்னும் குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக் காற்று நேரே படாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கம்ப்யூட்டரைத் தள்ளி வையுங்கள். ஒலி அளவு சிவப்பைத் தொட வேண்டாம். முதல் பத்து நொடி எல்லோரும் மௌனம். மூலப்பதிவை வேவ் கோப்பாகவே சேமியுங்கள்.

நம் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-இல். அந்த ஆரம்ப ஆண்டுகளில் வேலைக்கு வந்தவர்களும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து ஊர் பெயர்ந்தவர்களும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் கதை புத்தகத்தில் பாதிதான். மீதி அவர்கள் குரலில் இருக்கிறது. புது மைக்குக்குக் காத்திருக்காதீர்கள். இந்தப் பொங்கலுக்கு வரும்போதே உட்கார்ந்து கேளுங்கள்.