யசோதை கூப்பிட்டதும் ஹான்ஃப் கற்றுக்கொடுத்ததும்

பிள்ளையைக் குளிக்கக் கூப்பிடுவது எப்படி என்று தமிழில் ஒரு பதிகமே பாடியவர் ஆலங்குளத்துக்காரர்களான நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார். அவருடைய திருமொழியின் இரண்டாம் பத்தில், பால் குடிக்க, காது குத்த, குளிக்க, பூச்சூட, அந்தி சாய்ந்ததும் வீட்டுக்கு வர என்று வேலைக்கொரு பதிகமாகக் கண்ணனை அழைக்கிறாள் யசோதை. அதற்குப் பக்கத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் 1960களில் வகுத்த பெற்றோர் பயிற்சியை வைத்துப் பார்க்கலாம். சொன்ன பேச்சு கேளாத சிறு பிள்ளைகளுக்காக வந்தது அது. ஷீலா ஐபெர்க், ரெக்ஸ் ஃபோர்ஹாண்ட், ராபர்ட் மெக்மஹன் ஆகியோர் அதை வளர்த்தெடுத்தார்கள்.

நீராட்டுப் பதிகத்தில் யசோதை கூப்பிடும்போதே எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக உன்னைத் தூங்க விடமாட்டேன் என்று காரணம் சொல்கிறாள். இன்று உன் பிறந்த நட்சத்திரமான திருவோணம் என்கிறாள். அப்பம் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள் (இன்றைக்கானால் பால்கோவா!). இந்தக் கோலத்தில் உன் முறைப்பெண் நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள் என்று கூச்சத்தையும் கிளறுகிறாள்.

ஹான்ஃப் வழியில் வந்த பயிற்சியோ கூப்பிடுவதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. முதல் கட்டத்தில் பெற்றோர் கட்டளையும் இடக்கூடாது, கேள்வியும் கேட்கக்கூடாது. பிள்ளை விளையாடுவதைக் கூடவே இருந்து பார்த்து, அது செய்வதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். இரண்டாம் கட்டத்தில்தான் கட்டளை. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று, சுருக்கமாக, நேராக. ஐபெர்க்கின் முறையில், சொன்னபின் ஐந்து விநாடி வாய்மூடி இருக்க வேண்டும். செய்தால் அந்த நொடியே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, பிறகு சிறிது நேரம் நாற்காலியில் தனியே உட்கார வேண்டியதுதான்.

யசோதையின் புகழ்ச்சியெல்லாம் முன்கூட்டியே வந்துவிடுகிறது, அப்பமும் அப்படியே. ஓரிகன்காரர்கள் இரண்டையும் காரியம் முடிந்தபின் தருவார்கள். "சொன்னதும் வந்துட்டியே" என்று எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இதில் அவர்கள் கட்சிதான் நான். வராதபோது ஆசை காட்டினால், வராமலிருப்பதற்குத்தான் கூலி கிடைக்கும். பத்துத் தடவை அழைப்பதும் அப்படியே: பதினோராவது தடவை வந்தால் போதும் என்று பிள்ளை படித்துவிடும். (பத்துப் பாட்டு என்பது பதிகத்தின் இலக்கணம், அதற்காக ஆழ்வாரைக் குறை சொல்ல முடியாது.) நப்பின்னையை இழுத்துக் கூசவைப்பதும் வேண்டாம்.

ஆனால் தலைவாரும் பதிகத்துக்கு வந்தால் அமெரிக்கப் பயிற்சி தோற்றுப்போகிறது. அங்கே யசோதை பிள்ளையிடம் பேசவேயில்லை. காக்கையைக் கூப்பிட்டு, இவன் குழலை வார வா என்கிறாள். பிள்ளையின் கண் காக்கை மேல், அம்மாவின் கை தலைமேல். இரண்டு வயதுப் பிள்ளையிடம் நாற்காலித் தண்டனையைவிட இது எத்தனையோ மேல். ஐந்து வயதுக்காரனிடம் காக்கை பலிக்காது. அங்கே ஹான்ஃப் வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது இரண்டும் இல்லை. சிமெண்ட் ஆலைக்கோ ராஜபாளையம் மில்லுக்கோ ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், அடுப்படியிலிருந்தே "குளிக்க வாரியா?" என்று குரல் போகிறது. கேள்வியாகக் கேட்டால் "வரல" என்பதும் பதில்தானே! அடுத்து "எத்தனை தடவ சொல்றது?" அதிலும் என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை.

யசோதையைப்போல முதலில் எண்ணெயையும் தண்ணீரையும் எடுத்து வையுங்கள். பிறகு டிவியை நிறுத்தி, பக்கத்தில் போய், ஒரு தடவை சொல்லிவிட்டு ஐந்து எண்ணுங்கள். இத்தனைக்கும் பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை என்றால், அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.