மன்னித்தவரும் மறுத்தவரும்

இருவர் கையிலும் ஆஷ்விட்ஸ் முகாமில் பச்சை குத்திய எண் இருந்தது. ஈவா மோசஸ் கோரின் எண் ஏ-7063. ழான் ஆமெரியின் எண் 172364. ஈவா நாஜிகளை மன்னித்தார். ஆமெரி மன்னிக்க மறுத்ததோடு, ஏன் மறுக்கிறேன் என்று புத்தகமும் எழுதினார். நாம் பொதுவாக ஈவாவைக் கையெடுத்துக் கும்பிடுவோம், ஆமெரிக்காகப் பரிதாபப்படுவோம். அந்தப் பரிதாபம் ஆமெரிக்குச் செய்யும் அநீதி. ஈவாவையும் அது பாதிதான் புரிந்துகொள்கிறது.

ஈவா ருமேனியாவின் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். 1944 மே மாதம் ரயிலில் வந்து இறங்கியபோது வயது பத்து. பெற்றோரையும் அக்காள்மார் இருவரையும் அங்கேயே பறிகொடுத்தார். ஈவாவும் மிரியமும் இரட்டையர் என்பதால் மருத்துவர் மெங்கலேயின் சோதனைக்குத் தேவைப்பட்டார்கள், அதனால் பிழைத்தார்கள். ஓர் ஊசிக்குப் பிறகு ஈவாவுக்குக் கடும் காய்ச்சல். இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று மெங்கலே சிரித்துக்கொண்டே சொன்னது அவர் காதில் விழுந்தது. எழுந்து நடக்கத் தெம்பில்லாமல், கொட்டடியின் மறுகோடியில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குத் தரையில் ஊர்ந்தே போவாராம். ஈவா பிழைத்துக்கொண்டார். மிரியமின் சிறுநீரகங்கள் அந்த வயதோடு வளர்ச்சி நின்றுபோயிருந்தன. 1987-ல் ஈவா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தும், 1993-ல் மிரியம் புற்றுநோயில் இறந்தார்.

அதே ஆண்டில்தான் ஆஷ்விட்ஸில் பணியாற்றிய ஹான்ஸ் முன்ச் என்ற நாஜி மருத்துவரை ஈவா தேடிப் போனார். விஷவாயுக் கூடங்கள் இருந்தது உண்மை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர முன்ச் சம்மதித்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வது? மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினார் ஈவா. அதன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்த பேராசிரியர், அப்படியானால் மெங்கலேயையும் மன்னிக்க முடியுமா என்று கேட்டுவிட்டார். ஈவா அகராதியைப் புரட்டி இருபது வசைச்சொற்களைப் பொறுக்கி எடுத்தார். மெங்கலே அறைக்குள் நிற்பதாக நினைத்துக்கொண்டு அத்தனையையும் உரக்க வாசித்தார். வாசித்து முடித்த பிறகே மன்னித்தார். அவரை சாந்த சொரூபியாகச் சித்திரிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1995 ஜனவரி 27 அன்று, முகாம் விடுவிக்கப்பட்ட ஐம்பதாவது ஆண்டு நாளில், ஆஷ்விட்ஸில் நின்று அறிவித்தபோதும் ‘என் பெயரில் மட்டும்’ என்று வரம்பு கட்டிக்கொண்டார்.

ஆமெரியின் கதை வேறு. வியன்னாவில் 1912-ல் ஹான்ஸ் மேயராகப் பிறந்தவர். பெல்ஜியத்துக்குத் தப்பியோடி, எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, 1943-ல் பிடிபட்டார். பிரேண்டாங்க் கோட்டையில் அவர் கைகளைப் பின்னால் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். தோள்மூட்டுகள் கழன்றன. பின்பு ஆஷ்விட்ஸில், தன்னை அடித்த கைதி மேஸ்திரியின் முகத்தில் இவர் திருப்பிக் குத்தினார். பலசாலியான அவனிடம் பதிலுக்குச் செம்மையாக உதைபட்டார். அந்த ஒரு குத்தில்தான் தன் மானம் தனக்குத் திரும்பியது என்று பிற்பாடு எழுதினார்.

அவரது கட்டுரைத் தொகுப்பு 1966-ல் வந்தது. நாஜிகள் செய்த கொலைகளுக்குக் காலாவதி வந்துவிட்டதா என்று மேற்கு ஜெர்மனியில் விவாதம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. இருபது வருடம் ஆயிற்று, போதுமே என்றது பொதுப்புத்தி. நாள்பட்டால் புண் ஆறும் என்பது உடம்புக்குப் பொருந்தும், அறத்துக்குப் பொருந்தாது என்பது ஆமெரியின் வாதம். பாதிக்கப்பட்டவனின் கசப்பு குற்றவாளியை அவன் செய்த செயலோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு அவிழ்ந்தால் லாபம் கொலைகாரனுக்குத்தான். 1978-ல் ஆமெரி தற்கொலை செய்துகொண்டதைக் காட்டி, பார்த்தீர்களா, மன்னிக்காதவன் கதி இதுதான் என்று பேசுவோர் உண்டு. ஒரு மனிதனின் சாவை அவன் வாதத்துக்கு மறுப்பாகக் காட்டுவது மலிவான தந்திரம்.

‘மறப்போம், மன்னிப்போம்’ என்று நம் மேடைகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இந்த இருவரும் மறக்கச் சம்மதிக்கவில்லை. முன்ச்சிடம் ஈவா முதலில் வாங்கியது சாட்சியத்தை. ஆமெரியும் பழிக்குப் பழி கேட்கவில்லை, தன் நாடு செய்ததை ஜெர்மானியன் தன் வரலாறாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே கேட்டார். ஈவாவோடு எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்றுண்டு. தனக்குக் கிடைத்த விடுதலையை மற்றவர்களுக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கத் தொடங்கினார். மருந்தென்று ஆகிவிட்டால், சாப்பிட மறுப்பவர் நோயாளி ஆகிவிடுகிறார். இத்தனைக்கும், 1998-ல் ஒரு ஜெர்மன் வார இதழுக்கு அளித்த பேட்டியில் முன்ச் மெங்கலேயைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார். ஆமெரி உயிரோடு இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். ஈவாவின் மன்னிப்போ முன்ச்சின் யோக்கியதையை நம்பி நிற்கவில்லை.

2015-ல் லூனபர்க் நகரில், ஆஷ்விட்ஸில் பணம் எண்ணிய ஓஸ்கார் குரோனிங் மீதான விசாரணை நடந்தது. ஈவாவும் வழக்கின் இணை வாதிகளில் ஒருவர். 93 வயது குரோனிங்கோடு அவர் கைகுலுக்க, அந்தக் கிழவர் அவரைக் கட்டியணைத்தார். மற்ற இணை வாதிகள் 49 பேர் தங்களால் மன்னிக்க முடியாது என்று அறிக்கை விட்டார்கள். குரோனிங்குக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். கொலைக் குற்றத்துக்குக் காலாவதியே இல்லை என்று மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1979-ல், ஆமெரி இறந்த மறுவருடம். அந்தச் சட்டம் வராமல் போயிருந்தால், ஈவா கைகுலுக்க அங்கே ஒரு வழக்கே இருந்திருக்காது.