வேண்டுமென்றே கோணலாக வரைந்த திரைகள்

திரை பளபளவென்று இருந்துவிட்டால், மென்பொருள் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் நம்பிவிடுவார். உள்ளே ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இருந்திருக்கலாம். அமெரிக்க நிரலாளர் ஜோயல் ஸ்பால்ஸ்கி 2002-இல் இதைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டு எழுதினார்: வேலையின் பெரும்பகுதி நீருக்கடியில்.

அப்படியானால் அழகைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

ஜாவா நிரல்மொழிக்கான புகழ்பெற்ற நூலின் இணையாசிரியர் கென் அர்னால்ட் இதைக் குறும்பாகவே செய்து காட்டினார். அவருடைய ‘நாப்கின்’ தோற்றத்தைப் பொருத்தினால், ஒழுங்காக ஓடும் ஜாவா நிரலின் திரையும் டிஷ்யூ தாளில் பேனாவால் கிறுக்கியதுபோல மாறிவிடும். பெட்டிகள் கோணல்; எழுத்துகள் கையால் எழுதியவை போல. பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கும், ஆனால் அதைப் பார்த்து எந்த மேலாளரும் வெளியீட்டுத் தேதி குறிக்க மாட்டார். அடோபி நிறுவனத்தை விட்டு விலகிய ஜாகோமோ குய்லிஸோனி 2008-இல் தொடங்கிய பால்சாமிக் நிறுவனம், இதே கிறுக்கல் பாணியை விற்பனைப் பொருளாகவே ஆக்கிவிட்டது.

இவர்களுக்கெல்லாம் மூத்தது ஸ்காண்டிநேவியாவின் ‘யுடோபியா’ திட்டம். 1980களின் தொடக்கத்தில் அதன் ஆய்வாளர்கள் அச்சுத் தொழிலாளர்களோடு அமர்ந்து, அட்டைப் பெட்டியில் ‘லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதி வைத்து வேலையை ஒத்திகை பார்த்தார்கள். அங்கே யாருடைய எதிர்பார்ப்பையும் அடக்கும் நோக்கம் இல்லை. தங்கள் பணியிடத்துக்கு இன்னும் வராத இயந்திரத்தைப் பற்றித் தொழிலாளர்களும் பேச வேண்டும் என்பதே எண்ணம். அட்டைப் பெட்டியைக் குறை சொல்ல யாருக்கும் தயக்கம் வராதல்லவா?