பள்ளி மாணவர் செல்போன் விதிகள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளிக் கல்வித் துறையின் நிலைப்பாடு. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பள்ளிகளுக்கும் இதுவே விதி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தன் பள்ளிகளுக்கு இதையொத்த சுற்றறிக்கை அனுப்பியது. கொண்டுவரும் செல்போன் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று 2022 மே மாதம் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தார்.

விதி தடுமாறியது கொரோனாக் காலத்தில்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும், விலக்கி வைத்த கருவியே வகுப்பறையாயிற்று. மானாவாரி வெள்ளாமையையும் தறியையும் கூலியையும் நம்பிய கரிசல் வீடுகள் பலவற்றில் இருந்தது ஒரே செல்போன். அதுவும் காலையில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2021 அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினர். பள்ளி திறந்தபின் பிள்ளைகளின் கையிலிருந்து செல்போனை மீட்பது ஆசிரியர்களுக்குப் பெரும்பாடானது.

பிற இடங்களிலும் இதே கேள்வி எழுந்தது. பிரான்ஸ் 2018இல் சட்டமியற்றிப் பள்ளிகளில் செல்போனைத் தடுத்தது. கற்றலுக்கு உதவும்போது மட்டும் பயன்படுத்தலாம் என்றது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. முழுத்தடை நடைமுறைக்கு ஒத்துவராது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் கூறி, பள்ளியில் ஒப்படைத்து வீடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளும் முறையைப் பரிந்துரைத்தது.

தூரத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு அந்த முறையே நியாயமானது. தவணையில் வாங்கிய செல்போனைப் பறிப்பது குடும்பத்தைத் தண்டிப்பதாகும். கல்வித் துறை இந்தப் பறிமுதல் விதியை மாற்ற வேண்டும்.