மலை மிதிவண்டிப் பந்தயத்தில் ஸ்மார்ட் கண்ணாடிச் சோதனை

மலைப்பாதையில் மிதிவண்டிப் பந்தயம் ஓட்டும் வீரர், தமது வேகம், நாடித்துடிப்பு, மிதிக்கும் திறன், ஏறிய உயரம் ஆகிய கணக்குகளைப் பாதையிலிருந்து பார்வையை அகற்றாமலே தெரிந்துகொள்ளும்படி, அணிந்திருக்கும் கண்ணாடியிலேயே அவற்றை உடனுக்குடன் ஒளியெழுத்தாகக் காட்டும் சாதனம் ஸ்மார்ட் விளையாட்டுக் கண்ணாடி எனப்படும். போர் விமானிகளுக்காகப் பல்லாண்டுகளுக்கு முன்பே தோன்றிய ஒரு யுக்தி, சாமானிய விளையாட்டு வீரரின் மூக்கின்மேல் வந்து அமர்ந்திருக்கிறது என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் இதனைப் பந்தயத்தில் பரீட்சிப்பது விமானத்தில் பரீட்சிப்பதினும் ஒரு வகையில் கடினமானது. ஏனெனில் விமானிக்கு முன்னே ஆகாயம் விரிந்திருக்க, மிதிவண்டிக்காரருக்கு முன்னே கல்லும் வேரும் பள்ளமும் அன்றோ கிடக்கின்றன!

பந்தயமே வயதில் இளையது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரீன் வட்டாரத்து இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளைக் கொண்டு 1976-இல் மலைச்சரிவில் இறங்கி நடத்திய 'ரீபேக்' போட்டிகளிலிருந்து வளர்ந்து, 1990-இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் உலகப் போட்டியாகி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்து மலைகளில் 2005-இல் தொடங்கிய நெடும்பந்தயம் பெயர் பெற்றது. நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக் வகைப் பந்தயத்தில் ஏறக்குறைய 4 முதல் 6 கிலோமீட்டர் சுற்றினை ஒன்றரை மணி நேரம் பலமுறை சுற்றிவர வேண்டும். சரிவிறங்கும் பந்தயமோ சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்பந்தயத்தை நம் ஊரோடு பொருத்திப் பார்த்தால், காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டில் மலையென்று சொல்லத்தக்கது அதிகமில்லை. பாரியின் பறம்பு என்று போற்றப்படும் பிரான்மலை ஒருபுறம் நிற்க, மற்றபடி குன்றக்குடி போன்ற சிறு குன்றுகளும், செம்மண் பொட்டலும், செம்புராங்கல் தரையும், கண்மாய்க் கரைகளுமே இந்நிலத்தின் சுபாவம். எனினும் மிதிவண்டிக்கும் இம்மண்ணுக்கும் உள்ள சம்பந்தம் சிறியதன்று. காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1949-இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையிலிருந்தே ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் நாடெங்கும் சென்றன. பருத்த டயரும் தட்டையான கைப்பிடியும் கொண்ட மலை மிதிவண்டியின் சாயலை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலில் கண்டதும் பெரும்பாலும் இத்தகைய இந்திய வண்டிகளில்தான்.

இத்தகைய நிலத்தில் சோதிக்க வேண்டிய கண்ணாடியின் உள்ளமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். நெற்றிப்பக்கத்திலோ மூக்குப் பாலத்திலோ விரல் நகத்தினும் சிறிய ஒளித்திரை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்; அதன் பிம்பம் கண்ணாடியின் உட்பரப்பிலோ சிறு பட்டகத்திலோ பட்டுக் கண்ணை அடையும்போது, சில மீட்டர் தொலைவில் எழுத்து மிதப்பதுபோலத் தோன்றும். கணக்குகள் கண்ணாடிக்குள் பிறப்பவையல்ல. மார்புப் பட்டையிலிருந்து நாடித்துடிப்பும், மிதிகட்டையிலுள்ள திறன்மானியிலிருந்து வாட் கணக்கும், கைப்பிடியிலுள்ள கணினியிலிருந்து ஜி.பி.எஸ். இருப்பிடமும், புளூடூத் அல்லது ஆன்ட்-பிளஸ் எனும் கம்பியில்லா முறையில் வந்து சேருகின்றன.

இத்தகைய கண்ணாடிகளின் சரித்திரம் ஏற்றமும் இறக்கமும் கொண்டது. கூகுள் கிளாஸ் 2013-இல் எழுப்பிய ஆரவாரத்தை அடுத்து, கனடாவின் ரீகான் நிறுவனம் மிதிவண்டிக்காரர் முதலிய விளையாட்டு வீரர்களுக்கென்று 'ஜெட்' என்ற கண்ணாடியைச் செய்தது; 2015-இல் இன்டெல் அந்நிறுவனத்தை வாங்கி, 2017-இல் மூடிவிட்டது. கார்மின் 2016-இல் சாதாரணக் கண்ணாடியின்மீது மாட்டிக்கொள்ளும் ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள 'வேரியா விஷன்' கருவியை வெளியிட்டது. அதே ஆண்டின் ரியோ ஒலிம்பிக்குக்கான பயிற்சியில் அமெரிக்க மிதிவண்டி அணியினர் கோபின் நிறுவனத்தின் 'சோலோஸ்' கண்ணாடியைப் பயன்படுத்தினர். இஸ்ரேலில் விமானிகளின் தலைக்கவசத் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த 'ரேப்டர்' நூறு கிராமை ஒட்டிய எடை கொண்டது. பிரான்சின் மைக்ரோஓலெட் நிறுவனத்து முறையில் அமைந்த 'என்கோ' 36 கிராமுக்கு இறங்கி வந்தது. எடை குறையக் குறையக் காட்டும் செய்தியும் எளிமையாகி, வண்ணப் படங்கள் போய் ஒற்றை நிற எண்களே நின்றன. இதனை வளர்ச்சியென்றே யான் கருதுகிறேன்.

இனி, சோதனையின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்று பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 10 மீட்டரைக் கடக்கிறார். கைப்பிடியிலுள்ள கருவியைக் குனிந்து பார்க்க ஒரு விநாடி பிடித்தால், அந்தப் பத்து மீட்டரும் காணாமலே கடந்ததாகும். கண்ணாடி இதனைத் தவிர்க்கும் என்பதே அதன் வாக்குறுதி. நல்ல தார்ச்சாலையில் அவ்வாக்குறுதி பெரும்பாலும் நிறைவேறுகிறது. கரடுமுரடான சரிவிலோ ஒரு சூட்சுமமான தடை குறுக்கிடுகிறது. தலை குலுங்கும்போது வெளியுலகம் குலுங்காமல் தெரிவதற்குக் காரணம், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பின் தூண்டுதலால் கண்விழிகள் தலைக்கு எதிர்த்திசையில் கணத்துக்குக் கணம் திரும்பிக்கொள்வதே. கற்பாதை தெளிவாகத் தெரிவதற்கு உதவும் இதே இயற்கை ஏற்பாடு, தலையோடு சேர்ந்து ஆடும் ஒளியெழுத்தைக் கலங்கச் செய்துவிடுகிறது. கண் உலகத்தைப் பற்றி நிற்க, எழுத்து தலையைப் பற்றி ஆடுகிறது. ஹெலிகாப்டர் விமானிகளிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட இவ்விடர்ப்பாடு, வேர்கள் பின்னிக்கிடக்கும் இறக்கத்தில் '27' என்பதனை '21' என்று படிக்கச் செய்யவும் கூடும். ஆகவே, மேசைமேல் வைத்துத் திரையின் பிரகாசத்தை அளப்பதனால் மட்டும் ஒரு கண்ணாடி தேறிவிட்டதென்று சொல்லுதல் தகாது.

கணக்கின் தாமதமும் கவனிக்கத்தக்கது. ஜி.பி.எஸ். இருப்பிடம் பொதுவாக விநாடிக்கு ஒருமுறையே புதுப்பிக்கப்படும். மரக்கிளைகள் கவிந்த இடத்தில் சில மீட்டர் பிழையும் சேரும். திறன்மானி விரைந்து சொல்லும். இருதயமோ உழைப்பின் ஏற்றத்தை அரை நிமிடம் பிந்தியே நாடியில் காட்டும். இருபது விநாடியில் முடியும் செங்குத்தான ஏற்றத்தில் நாடித்துடிப்பைப் பார்த்து முயற்சியை அளக்க முற்படுபவர், ஏற்றம் முடிந்த பிறகே அதன் கணக்கைக் காண்பார்.

இவை யாவற்றினும் பெரிய கேள்வி கவனத்தைப் பற்றியது. நாசாவின் ஆராய்ச்சியாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்கண்ணாடியில் எண்கள் தோன்றும் மாதிரி விமான அறையில் அனுபவமிக்க விமானிகளைத் தரையிறங்கச் சொன்னபோது, ஓடுதளத்தில் குறுக்கே நின்ற மற்றொரு விமானத்தைச் சிலர் காணவே இல்லை. பார்வை அத்திசையில்தான் இருந்தது. மனமோ எண்களில் இருந்தது. ஆதலால் நல்ல பரீட்சை என்பது, ஒரே பாதையில் ஒரே வீரரைக் கண்ணாடியோடும் கண்ணாடியின்றியும் பலமுறை ஓடவிட்டு, நேரத்தை மட்டுமன்றி, வழியில் வைத்த அடையாளங்களுள் எத்தனையை அவர் கண்டார், எத்தனை முறை தடம் பிறழ்ந்தார் என்பனவற்றையும் எண்ணுவதாகும். பாதை பழகப் பழக ஓட்டம் மேம்படுமாதலால், கண்ணாடி அணியும் முறையை முன்னும் பின்னுமாக மாற்றி அமைப்பதும் அவசியம்.

செட்டிநாடு போன்ற நிலம் பிரயோஜனப்படுவது இத்தகைய பரீட்சைக்கே. இக்கண்ணாடிகளில் பல குளிர்நாடுகளில் உருவானவை. சித்திரை வெயிலில் 40 பாகை உஷ்ணத்தைத் தொடும் ஊரில், செம்மண் புழுதி வியர்வையோடு கலந்து கண்ணாடியின் உட்புறத்தில் படியும். துடைத்தால் மெல்லிய உப்புத் திரையாகப் பரவும். ஒளியெழுத்து விழும் இடத்திலேயே அது நிற்குமாயின் எண்ணைச் சுற்றி மங்கிய வளையம் தோன்றும். வெள்ளை வெயிலில் பொட்டலின் பிரகாசம் எழுத்தை விழுங்கப் பார்க்கும். சீமைக் கருவேலம் சூழ்ந்த நிழலுக்குள் நுழைந்தவுடன் அதே எழுத்து கண்ணைக் கூசச் செய்யும். கண்ணாடிக் காம்புக்குள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கும் இவ்வுஷ்ணம் நல்லதன்று. 45 பாகைக்கு மேல் மின்னேற்றலாகாது, 60 பாகைக்கு மேல் பயன்படுத்தலாகாது என்பதே பெரும்பாலான கலங்களுக்கு விதிக்கப்படும் வரம்பு. வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் வைத்த கண்ணாடி இவ்வரம்பினை எளிதில் தாண்டும்.

இந்த மின்கல விஞ்ஞானத்துக்கே இந்தியாவில் தலையாய ஸ்தாபனங்களுள் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், லித்தியம் மின்கலங்களில் நெடுங்காலமாக ஆராய்ச்சி நடத்திவருகிறது. அதே ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியும் உண்டு.

பந்தயத்துக்கு இக்கண்ணாடி உகந்ததா என்று கேட்பார்க்கு என் தீர்ப்பு இது: நெடும்பந்தயத்தின் ஏற்றங்களில் திறனும் நேரமுமாகிய இரண்டு எண்களைக் காட்டினால் போதும், பெரும் பயன் உண்டு, இறக்கத்தில் திரை தானாகவே அணைந்துவிட வேண்டும், அணையாத கண்ணாடியை அணிந்து இறங்கலாகாது. மின்கலம் அறிந்தவர்களும் உடற்பயிற்சி அறிந்தவர்களும் ஓரூரில் அமைந்திருக்கும் காரைக்குடியில், நம் வெயிலுக்கும் நம் புழுதிக்கும் ஏற்ற பரீட்சைமுறை ஒன்றினை அவ்விரு சாராரும் கூடி வகுத்து, பொன்முடியிலும் நீலகிரியிலும் ஓடப்போகும் நம் வீரர்களுக்கு அளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.