ஜார்ஜியன் விரிகுடா

ஜார்ஜியன் விரிகுடா: கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், ஹூரான் ஏரியின் வடகிழக்குப் பாகமாய் அமைந்து, புரூஸ் தீபகற்பத்தாலும் மானிடூலின் தீவாலும் அப்பேரேரியினின்று ஏறக்குறையப் பிரிந்து நிற்கும் நன்னீர் விரிகுடா. விஸ்தீரணம் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர்.

சரித்திரம்: அனிஷினாபே, வென்டாட் முதலிய பூர்வகுடிகள் நெடுங்காலம் வாழ்ந்துவந்த இக்கரைக்கு, 1615இல் சாமுவேல் த ஷாம்பிளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் தோணியில் வந்து சேர்ந்தார். இயேசு சபையார் 1639இல் தென்கரைக்கு அருகே நிறுவிய செயின்ட் மேரி மடம், இராக்குவா இனத்தவர் தொடுத்த யுத்தத்தின் விளைவாக, 1649இல் அச்சபையார் கையாலேயே தீக்கிரையாயிற்று. நீர்ப்பரப்பை அளந்து படம் வரைந்த கடற்படை அதிகாரி ஹென்றி பேஃபீல்டு, நான்காம் ஜார்ஜ் மன்னரின் நாமத்தை இதற்குச் சூட்டினார்.

ஜீவராசிகள்: கீழ்க்கரையிலுள்ள முப்பதாயிரம் தீவுகள் எனப்படும் தீவுக்கூட்டம் 2004இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இளஞ்சிவப்புப் பாறைமீது, மேல்காற்றுக்கு வளைந்து ஒருபுறமே கிளை நீட்டிய பைன் மரங்களின் அடியில், வால்நுனியைக் கிலுகிலுத்து எச்சரிக்கும் மாசசாகா என்னும் விஷப்பாம்பு வசிக்கிறது. மனிதர் நெருங்கினால் பெரும்பாலும் விலகிச் செல்லும் சுபாவமுடையது.

படகுப் பிரயாணம்: ஒன்டாரியோ ஏரியிலிருந்து 386 கிலோமீட்டர் நீளமுள்ள டிரென்ட்–செவர்ன் நீர்வழியே இங்கு வரலாம். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழ் மறைந்துள்ள பாறைகளால், வரைபடமின்றிப் படகு செலுத்துதல் அபாயம். டோபர்மோரி என்னும் ஊரில், தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் பழங்கப்பல்களைக் கண்ணாடித்தளப் படகிலிருந்தே பார்க்கலாம்.