ஆற்றல் காக்கும் கணக்கு

அலைச் சமன்பாட்டைக் கணிப்பொறியில் தீர்க்க, காலத்தையும் இடத்தையும் சிறு படிகளாக நறுக்கியாக வேண்டும். அதில் துல்லியம் சற்றுக் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மொத்த ஆற்றல் மாறாது என்னும் விதியும் சேர்ந்து குலைந்தால், நீண்ட நேரம் ஓடும் கணக்கை நம்புவதற்கில்லை.

நேரியலற்ற கிளைன்-கார்டன் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வடிவத்தில், மீட்புவிசையில் அலைவீச்சோடு வீச்சின் மும்மடியும் சேர்கிறது. இயக்கம், சரிவு, நிலையாற்றல் என ஆற்றலுக்கு மூன்று கூறுகள். எதுவும் எதிர்க்குறி பெறாது. கூட்டுத்தொகை மாறாதவரை எந்தக் கூறும் வரம்பின்றி வளர முடியாது. தீர்வுக்குக் காவல் இந்த வரம்புதான். விசையை நடுக் காலப்படியின் மதிப்பில் மட்டும் கணக்கிடும் எளிய வேறுபாட்டு முறையில் அந்தக் காவல் இல்லை. வீச்சு பெரிதானால் எண்கள் கட்டுமீறக்கூடும்.

1978-இல் வால்டர் ஸ்ட்ராஸ், லூயிஸ் வாஸ்கெஸ் இருவரும் இதற்கு அழகான வழி கண்டனர். விசை செய்யும் வேலை நிலையாற்றலின் மாற்றத்தோடு ஒவ்வொரு காலப்படியிலும் நேராக வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. முந்திய படியின் மதிப்பு அ, அடுத்த படியின் மதிப்பு ஆ எனில், மும்மடியின் இடத்தில் (அ+ஆ)(அ²+ஆ²)/4 அமரும். இதை இடப்பெயர்ச்சியான (ஆ−அ) ஆல் பெருக்கினால் (ஆ⁴−அ⁴)/4 கிடைக்கும். நிலையாற்றலின் மாற்றம் மிச்சமின்றி வந்துவிடுகிறது. இதற்கு விலையும் உண்டு. தெரியாத ஆ விசைக்குள்ளும் இருப்பதால், ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அண்டைப் புள்ளிகளின் புதிய மதிப்புகள் அதில் கலவாததால் நியூட்டன் முறையே போதும். ஆனால் அதைப் பாதியில் நிறுத்தினால் ஆற்றல் கசியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இம்முறையில் சரிவாற்றல், அடுத்தடுத்த இரு காலப்படிகளின் சரிவுகளைப் பெருக்கி வருவது. அது எதிர்க்குறி பெறலாம். அலைவேகத்தை 1 எனக் கொண்டால், காலப்படி இடப்படியைவிடச் சிறிதாக இருக்கும்போதுதான் மொத்த ஆற்றல் மெய்யான வரம்பாகிறது. எதைக் காக்கிறோம் என்பதையும் ஆராய வேண்டும் என்பதற்கு இது சான்று.

மேற்சொன்ன கோவை, அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே மும்மடியின் சராசரி மதிப்பே. 2008-இல் குவிஸ்பெல், மெக்லாரன் இருவரும் முன்வைத்த சராசரித் திசையன் புல முறை, இதே கருத்தை ஹாமில்டன் அமைப்புகளுக்கு விரிவாகப் பொருத்துகிறது.

ஆற்றல் காக்கப்பட்டாலும் அலை உரிய நேரத்தில் உரிய இடத்தை அடையும் என்ற உறுதி கிடைக்காது. படியளவைக் குறைத்து ஒப்பிடும் கடமை எப்போதும் உண்டு. அந்த ஒப்பீட்டுக்கு உறுதியான தளம் தருவதே ஆற்றல் காக்கும் முறையின் பெருமை. புதிய முறை வகுப்போர் முதலில் அந்தத் தளத்தை அமைக்கட்டும்.